ஒச்சப்பன் வந்தபோது மட்டும் சுடவில்லை

கொடைக்கானலில், ஊசிப்பாறைத் தெரு முடிந்து பேரிக்காய்த் தோட்டங்கள் தொடங்குகிற சரிவில், எந்தக் காலத்திலோ ஒரு அமெரிக்க டாக்டரம்மா கட்டி, எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போன கல் பங்களா ஒன்று உண்டு. அந்தப் பங்களாவில்தான் சலேத்மேரி என்பவள் தன் புருஷன் வியாகுலத்தோடு, யாரையும் நம்பாமல், முப்பத்திரண்டு வருஷமாக நன்றாகவே வாழ்ந்துவந்தாள்.

யாரையும் நம்பாமல் என்றதும் ஏதோ கெட்ட குணம் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் பார்த்த வேலை அப்படி. காய்கறி மண்டியில் மூட்டை பார்க்கிற வேலை. மேல்மலையிலிருந்து வருகிற கேரட்டும் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் மூட்டையின் வாய்ப்பக்கத்தில் கழுவித் துடைத்து மினுக்கிக்கொண்டுதான் இருக்கும். மற்ற ஆட்கள் கட்டை அவிழ்த்து மேலாகப் பார்த்துவிட்டு எடை போடச் சொல்வார்கள். சலேத்மேரி மட்டும் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டி, அடியில் கிடக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். அடியில் அழுகல் இல்லாத மூட்டையை அத்தனை வருஷத்தில் அவள் பார்த்தது சொற்பம். அதனால் வேலையை விட்டு வந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள், புடவையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக்கூடப் போன வருஷம் சொன்னதுதானா என்று மனசுக்குள் ஒத்துப் பார்ப்பாள். அதே கறாரில் தானும் பொய் சொல்ல மாட்டாள். அழுகல் மூட்டையை ஒரு தரம் நல்ல மூட்டை என்று சொல்லிவிட்டால் அப்புறம் தன் வாய்க்கு என்ன மரியாதை என்பாள்.

அந்த டாக்டரம்மா பனி கொட்டுகிற ஊரில் பிறந்தவள், கொடைக்கானல் குளிரையும் நம்பாதவள். ஆகையால் கப்பலில் இரும்பை வரவழைத்து, அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து ஆள் வைத்துச் சுமந்து ஏற்றி, கீழறையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பாய்லர் ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து சுவருக்குள் குழாய் ஏற்றி, அறைக்கு ஒன்றாக ஏழு இரும்புப் பெட்டிகளை வைத்துவிட்டுப் போனாள். பெட்டிகள் விலா எலும்பு அடுக்கினமாதிரி இருப்பதால் வீட்டில் அவற்றுக்கு விலாப்பெட்டி என்றே பெயர். பாய்லரில் தண்ணீர் கொதித்தால் நீராவி ஏறிப் போய் விலாப்பெட்டிகளைச் சுட வைக்கும், புகை தனியாகப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். ஊருக்குத் திரும்பும்போது தன் சமையல்காரியின் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாள். அந்தச் சமையல்காரியின் ஒரே மகன்தான் வியாகுலம். பாய்லரைப் பற்ற வைக்கிற சூட்சுமத்தை மட்டும் டாக்டரம்மா யாருக்கும் சொல்லித் தராமல் போய்விட்டதால், நாற்பது வருஷமாக விலாப்பெட்டிகள் மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் வியாகுலத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சலேத்மேரியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கணப்பு மூட்டக் கூடாது, புகை ஆகவே ஆகாது, ஆனால் அறை ராப்பகலாகக் கதகதப்பாக இருக்க வேண்டும், மார்கழிக்குள் அதற்கு வழி செய்யாவிட்டால் மனுஷனை மலையிலிருந்து இறக்கி வத்தலக்குண்டுப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள் என்றார். இந்த மார்கழியைத் தாண்டினால் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார். கரண்ட் ஹீட்டர் போட்டுப் பார்த்தார்கள், அந்தச் சரிவில் இருக்கிற எட்டு வீட்டுக்கும் ஃப்யூஸ் போனது. கீழே இறங்குகிற பேச்சை எடுத்தாலே வியாகுலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "இந்தக் கட்டில்ல பொறந்தேன். இங்கயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் குளிரல, சலேத்து" என்பார். அவருக்கு மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும், அதற்கு அந்தப் பாய்லர் எரிய வேண்டும், அவ்வளவுதான் சலேத்மேரிக்கு உலகத்தில் அப்போது இருந்த கவலை.

ஆள் தேட ஆரம்பித்தாள். இரும்புக்கடையில் கேட்டாள், கோயிலில் கேட்டாள், ஓட்டல் மேனேஜர்களைக் கேட்டாள். முதலில் வந்தவர் பெரியகுளத்துக்காரர் சுருளிவேல், ஓட்டல்களில் வெந்நீர்க் கெய்சர் மாட்டுகிறவர். கூடத்தில் நின்று சுவரை ஒரு தட்டுத் தட்டி, "இதே மாதிரி நாப்பது பங்களாவுக்கு நான்தாம்மா பாக்குறேன். கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் செஞ்சிருவேன்" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது கூடத்து விலாப்பெட்டி சுட்டது. பாய்லரில் தண்ணீர் இல்லை, அடியில் நெருப்பு இல்லை, ஆனாலும் சுட்டது. மேலே கிடந்த துண்டிலிருந்து ஆவி வந்தது. சலேத்மேரி கையை வைத்துப் பார்த்தாள், புறங்கையை வைத்துப் பார்த்தாள், அடியில் குனிந்து தடவிப் பார்த்தாள், அடியிலும் சுட்டது. அடியே சரியாக இருக்கும்போது அவள் வேறென்ன செய்வாள், உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். அவர் கிளம்பிப் போன பஸ் வளைவு திரும்புவதற்குள் பெட்டி பழையபடி சில்லிட்டுப் போனது.

அடுத்தவர் ஜெபமணி, கல்லூரி விடுதியில் நீராவியில் இட்லி வேகிற அடுக்குகளைப் பழுது பார்க்கிறவர். ஜெர்மனிக்குப் போய் இதே பாய்லரை ஆறு மாசம் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார், இரண்டு பெட்டிகள் சுட்டன. திருமணத்துக்கு முன்னால் போனதாக விளக்கமும் சொன்னார், மூன்றாவதும் சுட்டது. அவர் போனதும் மூன்றும் ஆறின. தெருவில் இதற்குள் பேச்சு பரவிவிட்டது. கைராசிக்காரர்கள் வந்தால் டாக்டரம்மா வீட்டு இரும்பு அடையாளம் கண்டுகொள்கிறது, இன்னும் சரியான கைராசிக்காரன் வந்தால் நிரந்தரமாகச் சுட்டுவிடும் என்று ஊசிப்பாறைத் தெரு முடிவு செய்தது. அந்தத் தெரு ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி ஆச்சரியப்படாது.

மூன்றாவதாக வந்தவர் ஒச்சப்பன். சின்னமனூரில் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். ஒல்லியான ஆள், குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சிலோடு வந்தார். வந்ததிலிருந்து ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கீழறைச் சாவியை மட்டும் கேட்டார், அது எங்கே இருக்கிறது என்று சலேத்மேரிக்கே தெரியவில்லை. சரி என்று ஏழு அறையிலும் ஒவ்வொரு பெட்டி மேலும் கொத்தனார் வைக்கிற மாதிரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குழாயில் காதை வைத்துத் தட்டிக் கேட்டார், பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூக்கு மாதிரி வால்வை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் குளிர் காய வந்து காத்திருந்தார்கள்.

"என்ன, ஆகுமா ஆகாதா?" என்றாள் சலேத்மேரி.

"எனக்குத் தெரியலம்மா. நீராவி தெரியும், இருபத்தாறு வருஷம் அதோடதான் கெடக்கேன். ஆனா வீட்டுக்குள்ள வச்ச நீராவிய நான் பாத்ததில்ல. நாலு நாளு தங்கிப் பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

சலேத்மேரி பெட்டி மேல் கையை வைத்தாள். பனிக்கட்டி. அடுத்த அறைக்குப் போய் வைத்தாள். அதுவும் அப்படியே. "நீங்க வந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் சுடவே இல்லையே" என்றாள்.

"பத்த வைக்காம எப்படிம்மா சுடும்?" என்றார் ஒச்சப்பன்.

குளிர் காய வந்தவர்கள் சிரித்தார்கள். சுருளிவேல் வந்தபோது ஒன்று, ஜெபமணி வந்தபோது மூன்று, இந்த ஆளுக்கு ஒரு பெட்டிகூட அசையவில்லை, இவருக்கு என்ன தொழில் தெரியும் என்று சலேத்மேரிக்கும் பட்டது. வழி கேட்டு வருகிறவர்களுக்குக்கூட டீ கொடுத்து அனுப்புகிற அந்த வீட்டிலிருந்து ஒச்சப்பன் ஒரு வாய் டீ குடிக்காமல், ரசமட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தூறலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.

பிறகு வந்தார் பாருங்கள், தனசிங். அவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கேட்டைத் திறந்து, "இந்த பங்களாவைக் கட்டின இன்ஜினியரே எங்க தாத்தாதான்" என்று ஆரம்பித்ததுமே ஏழு பெட்டிகளும் ஒன்றாகச் சுட்டன. குழாய்கள் சுவருக்குள் கடகடவென்று தட்டின. வியாகுலம் பத்து நாளில் முதல் முறையாகப் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சலேத்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது, வேலையை அங்கேயே அப்போதே தனசிங்குக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அவர் வருவார், கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருவார், துபாயில் ஓர் அரண்மனைக்கு நீராவி ஏற்றிய கதையையும், ஒரு மந்திரி தன் காலில் விழுந்த கதையையும் சொல்வார். தெருவே வந்து சுற்றி உட்காரும். கம்பளி பின்னுகிறவர்கள் அங்கேயே பின்னினார்கள், காளான் காயவைக்கிறவர்கள் தாம்பாளத்தோடு வந்தார்கள், சளி பிடித்த கைக்குழந்தைகளைத் தூக்கி வந்து பெட்டி ஓரமாகத் தூங்கப் போட்டார்கள். வேலை எப்போது முடியும் என்று கேட்டால், "பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு" என்பார், இன்னும் கொஞ்சம் சூடு ஏறும்.

ஆனால் சலேத்மேரி சலேத்மேரிதானே. ஒரு வாரம் கழித்து அவளுக்கு ஏதோ உறுத்தியது. தனசிங் வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிடுகிற பத்து நிமிஷமும் பெட்டிகள் ஆறிப்போவதைக் கவனித்தாள். வர்க்கியைக் குறைத்துப் பார்த்தாள். இன்னொரு நாள் யாரோ பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க, தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு மக இருக்கா. மூணு வருஷமா எங்கூடப் பேசுறதில்ல" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு பெட்டியும் ஒரே நேரத்தில் சில்லிட்டு, கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பால்காரி பவுனம்மாள் வந்தாள். சலேத்மேரி வழக்கம்போலப் பாலை விரலில் தொட்டு ஒழுகவிட்டுப் பார்த்தபடி, "என்னடி, தண்ணியா ஓடுது?" என்றாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலக்கா, மாதா சத்தியமா" என்றாள் பவுனம்மாள்.

அடுக்களை விலாப்பெட்டி டொக்கென்று ஒரு தட்டுத் தட்டி, கொதிக்கிற சூடு சுட்டது. அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்ற பவுனம்மாள் துள்ளி விலகினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எருமைப்பாலா பசும்பாலா?" என்று கேட்டாள் சலேத்மேரி. "பசும்பாலு" என்றாள் பவுனம்மாள், அது உண்மை, பெட்டி மெல்ல ஆற ஆரம்பித்தது. "எவ்வளவு தண்ணி?" பவுனம்மாள் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லிட்டருக்கு ஒரு டம்ளர்க்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டி முழுக்க ஆறிவிட்டது.

பத்து மணிக்குத் தனசிங் வந்ததும் சலேத்மேரி நாற்காலி போடவில்லை. "கீழறைக்குள்ள எறங்கி பாய்லரப் பாத்தீங்களா?" என்றாள். "பாக்காம? தினம் பாக்குறேனே" என்றார், வீடே வெந்தது. சலேத்மேரி அவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போய்க் கீழறைக் கதவைக் காட்டினாள். பூட்டு மேல் நாற்பது வருஷத்துத் துருவும், கதவுக்குக் குறுக்கே சிலந்திவலையும் அப்படியே இருந்தன. தனசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். மண்டியில் முப்பது வருஷம் யாரிடமும் ஏமாறாத தான், மூட்டையின் வாயைப் பார்த்து ஏமாந்துவிட்டோமே என்று சலேத்மேரிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட இன்னொன்றுதான் அவளை உட்கார வைத்தது. தினமும் காலையில் அவள் வியாகுலத்தைக் குளிருகிறதா என்று கேட்பதும், இல்லை என்று அவர் சொல்வதும், கட்டிலோரத்துப் பெட்டி அந்த நேரம் பார்த்து லேசாக வெதுவெதுப்பதும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அது காலை வெயிலாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வீட்டில் பொய் சொன்னால் இரும்பு சுடும் என்கிற விஷயத்தைத் தெரு ஒரே நாளில் தெரிந்துகொண்டு மறு நாளே பழகிக்கொண்டது. எல்லைத் தகராறுக்காரர்கள் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையை ஒரு டீ குடிக்கக் கூட்டி வந்தார்கள். பங்குச் சாமியார் வந்து, பொய் பாவம் என்று ஆரம்பித்து, தான் தினமும் தவறாமல் ஜெபமாலை சொல்வதைப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட, நாற்காலிக்குப் பின்னாலிருந்த பெட்டி வெதுவெதுத்தது. அதற்குப் பிறகு அவர் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லவில்லை. வியாகுலத்துக்காக எல்லோரும் முறை போட்டுக்கொண்டு வந்து பொய் சொல்வது என்று தெருக்காரர்கள் பேசி முடித்தார்கள், நல்ல மனசோடுதான். வந்தவர்கள், நான் கொடைக்கானலுக்கு ராஜா, எங்கள் வீட்டுக் கோழி தங்க முட்டை போடுகிறது, நேற்று ஏரியில் திமிங்கலம் பார்த்தேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். பெட்டி அசையவில்லை. யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்து சொல்கிறது அந்த இரும்பு மதிக்கிற பொய் இல்லை. எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும் என்று சொன்னால்தான் அதற்குச் சூடு பிறந்தது.

அதனால் வந்தவர்களெல்லாம் சும்மா உட்கார்ந்து ஊர்ப்பேச்சுப் பேசினார்கள், பேச்சில் தானாக வருகிறது வரட்டும் என்று. வரத்தான் செய்தது. உன்னைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை என்று ஒரு தோழி சொன்னாள், சுட்டது. கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்குக் காய்ச்சல்தான் காரணம் என்று ஒரு கொழுந்தன் சொன்னார், சுட்டது. மகளை அடுத்த மாசமே மறுபடி படிக்க அனுப்புகிறேன் என்று ஒரு தகப்பன் சொன்னார், மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், சுட்டது. வியாகுலத்துக்கு அந்த வாரம் மூச்சு சீராக வந்தது, தெருவில் நாலு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அப்புறம் அந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் கேள்வியாக மட்டுமே பேசப் பழகினார்கள், கேள்வியில் பொய் இல்லையே. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்பார்கள். "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார்கள். கார்த்திகை முடியும்போது கேட்டுக்கு வெளியே நின்று கையை மட்டும் ஆட்டினார்கள். பவுனம்மாள் பால் சொம்பைச் சுவர் மேல் வைத்துவிட்டு ஓடினாள், பால் மட்டும் கெட்டியாக இருந்தது.

வீடு சில்லிட்டுப் போனது. சலேத்மேரிக்கு இப்போது எல்லாருடைய மூட்டையின் அடியும் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம், வியாகுலம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தும் மூச்சுக்குத் தவித்தார். குளிரலை என்று சொல்வதையும் அவர் நிறுத்திவிட்டார். கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார், பெட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்று. வருகிறவர்களில் ஒரே ஒருவர் பேசும்போதுதான் இந்த வீடு கடைசிவரை சில்லென்று இருந்தது என்பதைச் சலேத்மேரி அன்றைக்கு நினைத்துப் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலையிறங்கினாள்.

சின்னமனூர் ஆலையில் ஒச்சப்பன் நெல் தொட்டிக்குப் பக்கத்தில், ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, ஆனாலும் வாங்க என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு உங்களுக்கு ஒரு டீ குடுக்காம அனுப்பிட்டேன், அண்ணே. தப்பு என் மேலதான்" என்றாள்.

"டீ கெடக்கட்டும். நாலு பேரு முன்னாடி சிரிச்சாங்கல்ல, அதான்."

"எனக்கு ஆளைப் பாக்கத் தெரியல. என் வீட்டுக்காரருக்கு மூச்சு வரல. வந்து செஞ்சு குடுங்க."

"செஞ்சு குடுத்துருவேன்னு சொல்ல மாட்டேன். பாக்குறேன்னு சொல்றேன். போதுமா?" என்றார் ஒச்சப்பன். போதும் என்றாள்.

அவர் வந்து பூட்டை உடைத்துக் கீழறைக்குள் இறங்கினார். சலேத்மேரி மேலே கூடத்துப் பெட்டி மேல் கையை வைத்தபடி ஒவ்வொரு வேளையும் அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாள். பழக்கம் விடுமா. அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கிறதா என்று கேட்டாள், இல்லை, ஆனால் மூணு வாளி சேறு இருந்தது, அலசிவிட்டேன் என்றார், சில்லென்று இருந்தது. இப்போதே பற்ற வைத்தால் என்ன என்றாள். பெட்டிகள் காலப்போக்கில் பின்பக்கம் சாய்ந்துவிட்டன, நீராவி குளிர்ந்து தண்ணீரானால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டும், ஓட முடியாமல் தேங்கினால் குழாய் அடித்துக்கொள்ளும் என்று சொல்லி, ஒவ்வொரு பெட்டியின் கால் கீழும் பலகைத் துண்டைச் செருகி, ரசமட்டத்தின் குமிழி ஒரு நூல் சாய்கிற வரை தூக்கிவிட்டார். சில்லென்று இருந்தது. பெயின்ட் அடித்து அடைபட்டிருந்த மூக்கு வால்வுகளைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டார். வெடிக்காது இல்லையா என்று கேட்டாள். "வெடிக்காதுன்னு எந்தப் பாய்லருக்கும் நான் சொன்னதில்லம்மா. வெடிக்காம இருக்க என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சிருக்கேன். கண்ணாடிக் குழாயில தண்ணி பாதிக்குக் கீழ எறங்குனா மட்டும் பக்கத்துல போகாதீங்க" என்றார். இரும்பு அசையவே இல்லை. நாலு நாளும் அந்த வீட்டில் பல் கிட்டிப்போகிற குளிர், அந்தக் குளிரைப் பார்க்கப் பார்க்கச் சலேத்மேரிக்கு மனசு ஆறிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் காலை, மார்கழி பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, ஒச்சப்பன் தைலமர விறகை அடுக்கி முடித்துவிட்டு மேலே வந்து சொன்னார். "பத்த வச்ச ஒடனே சூடு வராது. தண்ணி கொதிச்சு, உள்ள இருக்குற காத்தெல்லாம் இந்த மூக்கு வழியா வெளியேறணும். அய்யா ரூமுக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். ஒருக்கா வந்துட்டா அப்புறம் எப்பவும் சூடுதான். அதுக்கப்புறம் இதுல கைய வச்சு யாரையும் சோதிக்க முடியாது. பாத்துக்குங்க."

சலேத்மேரி வியாகுலத்தின் அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, பேரி மரங்கள்கூடத் தெரியவில்லை. வியாகுலத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல மற்றொரு கையைக் கட்டிலோரத்துப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரும்பு உள்ளங்கையை ஊசியாகக் குத்தியது. அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது, அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

"சலேத்து, நீ பொய் சொல்ல மாட்டே" என்றார் வியாகுலம். "அடுத்த மார்கழி நான் பாப்பேனா?"

டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது. பார்ப்பீர்கள் என்று சொன்னால் அது பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. தான் அதை நம்புகிறோமா இல்லையா என்று தன் மூட்டையை அவள் இதுவரை கவிழ்த்துப் பார்த்ததில்லை. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுத்தால் அவருக்குப் புரிந்துவிடும். எடுக்கவில்லை.

"பாப்பீங்க. அடுத்த மார்கழி இதே கட்டில்ல உக்காந்துக்கிட்டு, காப்பியில சீனி பத்தலன்னு எங்கூடச் சண்டை போடுவீங்க."

உள்ளங்கையில் வெதுவெதுப்பு ஏறியது. முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு, பிறகு நன்றாகவே. அவள் இரும்பை அழுத்திப் பிடித்தாள், அது சுட்டது, சுடச்சுட மூக்கு வால்வு சீறியது. முன்னாலேயே சீறிக்கொண்டிருந்ததோ என்னவோ. வியாகுலம் அவள் முகத்தையும் பெட்டியையும் பார்த்தார். "வந்துருச்சுபோல" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கிப் பின்வாசல் வழியாகக் கீழறைக்கு ஓடினாள். ஒச்சப்பன் பாய்லர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையில் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப பத்த வச்சீங்க?" என்றாள்.

ஒச்சப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூச்சு இரைக்க நிற்கிற பெண்ணை, அவளையறியாமல் கண்ணீர் ஒழுகுவதை, இன்னும் எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்த அவள் வலது கையைப் பார்த்தார்.

"அரை மணி நேரம் மேலயே ஆச்சு, தாயி" என்றார்.

சலேத்மேரி பக்கத்தில் போகிற குழாயைத் தொட்டாள். சுட்டது. இனிமேல் அது எப்போதும் சுடும், யார் என்ன சொன்னாலும் சுடும். ஆனால் பாய்லரின் அடுப்பு வாய் அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. கதவைத் திறந்து குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், விறகு அரை மணி எரிந்த விறகா, இப்போதுதான் பிடித்த விறகா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாழ்நாள் முழுக்க அடியைப் பார்த்தே பழகிய கை தானாகக் கதவுப்பிடி வரைக்கும் போனது. ஒச்சப்பன் தடுக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிடியில் வைத்த கையை அவள் எடுத்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல வாங்கண்ணே" என்றாள். "டீ போடுறேன்."